மூன்று சோடிச் செருப்புகள்

இறங்கும்போது விசாலாட்சி தம் ரப்பர் செருப்பில் நடக்கிறார். ஏறும்போது இறந்துபோன கணவரின் டயர் செருப்பை மாட்டிக்கொள்கிறார். அடுத்த நடைக்கு, மகன் விட்டுச்சென்ற கான்வாஸ் ஷூ. அதன் முனையில் பழந்துணி திணித்திருக்கிறார். மழை பெய்து மண் இளகிய காலைகளில் இந்த வழக்கம் தவறுவதில்லை.

பண்ணைக்காட்டுக்கு மேலே, மிளகும் மலைவாழையும் விளையும் சரிவில் இருக்கிறது அவருடைய குடியிருப்பு. கீழிருந்து ஏறிவரும் தார்ச்சாலை, வழியிலுள்ள ஒரு தங்கும் விடுதியின் வாசலோடு நின்றுவிடுகிறது. அரசு அனுமதித்ததோ குடியிருப்பு வரைக்கும். வேலை நடந்தபோது பார்வையிட வந்த பொறியாளர், புல் மூடிய ஒற்றையடித் தடத்தைக் கண்டு, ஆள் நடமாட்டம் இல்லை என்று சொல்லித் திரும்பிவிட்டார்.

"அன்னைக்குக் காய்ச்சல்ல கெடந்தேங்க. எந்திரிச்சுப் போயி நின்னிருந்தாலாவது ஆளு இருக்குன்னு தெரிஞ்சிருக்கும்" என்கிறார் விசாலாட்சி.

மறுபடி பார்க்க ஒருவர் வருவார் என்று ஊராட்சியில் சொல்லியிருக்கிறார்கள். எந்த நாள் என்று சொல்லவில்லை.

சாலை வந்தபின் விடுதியில் புதிய அறைகள் எழுந்தன. அதைச் சுற்றிய நிலம் விலை ஏறியது. அதே மழையில் விளையும் விசாலாட்சியின் வாழைத்தார், தலைச்சுமையாக வருவதாலேயே மலிவாகப் போகிறது. அண்டை வீட்டார் ஒவ்வொருவராகத் திருப்பூருக்கு இறங்கிவிட்டனர். மகன் கந்தவேலும் அங்கே ஒரு பனியன் கம்பெனியில் இருக்கிறான். "வீட்டு வாசல்ல வண்டி வந்து நிக்கட்டும்மா, மறுநாளே வந்துர்றேன்" என்று தொலைபேசியில் சொல்கிறான். தாய் அதை நம்புகிறார்.

பூட்டிக் கிடக்கும் வீடுகளின் வாசலையும் அவரே பெருக்குகிறார். அடுப்படியில் தனியே இருக்கையில், பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி உரக்கப் பேசுகிறார். எதிரே ஆள் வந்து அமர்ந்தால் குரல் தாழ்ந்துவிடுகிறது.

அவரைப் பற்றி எழுத நான் சென்ற காலையில், சாலை முனையில் ஜீப்பை நிறுத்தியிருந்த ஓட்டுநர் ராஜமுருகன் அவரைச் சீண்டினார்.

"என்னக்கா, உங்க ஊர்ல இன்னைக்குக் கூட்டம் ஜாஸ்தியோ? தடம் பூரா காலடியா கெடக்கு!"

"திருவிழாடா. சோலி இல்லேன்னா நீயும் ஒரு நடை வந்துட்டுப் போ."

"ஆபீசரை இப்படி ஏமாத்தலாமாக்கா?"

"எதுலே ஏமாத்து? இந்தச் செருப்புக்காரங்க நடந்து நடந்து உண்டான தடந்தானே இது?"

ராஜமுருகன் குனிந்து ஜீப்பின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு விசாலாட்சியின் வீட்டுக்குப் போய்க் கடுங்காப்பி குடித்தேன். பேச்சு முடிந்தும் டம்ளரைக் கழுவப் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். நான் புறப்பட்டபோது வழியனுப்பச் சாலை முனைவரை கூடவே வந்தார். தூறல் விழத் தொடங்கியது.

"வெரசா போங்க. மழை வலுக்கும்."

சாலையில் இறங்கிச் சற்றுத் தூரம் நடந்த பின் திரும்பிப் பார்த்தேன். விசாலாட்சி தடத்தின் ஓரமாக, சேற்றில் பதிந்திருந்த என் காலடிகளை மிதிக்காமல் ஏறிக்கொண்டிருந்தார். ஒவ்வோர் அடிக்கும் குனிந்து, அதன்மேல் மழை படாதபடி ஒரு வாழையிலைக் கிழிசலைக் கவிழ்த்து வைத்தார்.