மஞ்சள் கோடு

கோட்டுக்காரர் என்று கேள்விப்பட்டு வரும் புது ஆட்கள், பட்டறையில் கோட்டு சூட்டு போட்ட மனிதரைத் தேடுவார்கள். கிரீஸ் படிந்த அரைக்கைச் சட்டையோடு வந்து நிற்பவரைப் பார்த்ததும் அவர்கள் முகம் சப்பென்று ஆகிவிடும். பெயர் வந்தது அவர் சட்டைப்பையில் இருக்கும் மஞ்சள் பெயிண்ட் பேனாவால். காரின் அடியில் எந்த நட்டை இறுக்கினாலும், நட்டுக்கும் போல்ட்டுக்கும் சேர்த்து ஒரு கோடு இழுத்துவிடுவார். பின்னால் நட்டு இம்மி நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். இறுக்கிய பிறகுதான் கோடு. இருபத்திரண்டு வருஷமாக இதுதான் அவர் சட்டம்.

மனிதருக்குச் சும்மா இருக்கத் தெரியாது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் சுவரில் சாய்ந்திருக்கும் படத்தை நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் உட்காருவார். தங்கை புருஷன் அதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பார். அந்த மாப்பிள்ளைக்கு மலைக்கு அப்பால் புது வேலை. அன்று மதியம் குடும்பத்தோடு குடிபெயர்கிறார்கள். பள்ளத்தில் இறங்கினால் கார் முன்பக்கம் டக் டக்கென்று அடிக்கிறது என்று காலையில் கொண்டுவந்து விட்டார். கோட்டுக்காரர் பார்த்தார். சக்கரத்தைக் கீழே தாங்கிப் பிடிக்கும் பால் ஜாயிண்ட் இரண்டு பக்கமும் தேய்ந்திருந்தது. புதிது மாட்டி, சக்கரம் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் அலைன்மென்ட் எந்திரத்தில் ஏற்றினார். எல்லா அளவும் பச்சையில் நின்றது. தங்கை இரண்டு பிள்ளைகளையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு கையசைத்துவிட்டுப் போனாள்.

சாப்பிட உட்கார்ந்தபோதுதான் பிடித்தது சனியன். வேலைக்கு நடுவில் ஒரு போன் வந்ததே, அது எப்போது? இடது பக்க நட்டில் ஸ்பானர் வைத்திருந்தபோது. பேசி முடித்து, மறுபடி ஸ்பானரை எடுத்தோமா? வலது பக்கம் கோடு போட்டது கண்முன் நிற்கிறது. இடது பக்கம் மட்டும் ஒரே இருட்டு. எந்திரம் அளவைத்தான் சொல்லும், இறுக்கத்தைச் சொல்லாது. இறுக்காத பால் ஜாயிண்ட் கொஞ்ச தூரம் ஒட்டிக்கொண்டே ஓடும். அப்புறம் ஒரு வளைவில் கழன்றால் சக்கரம் மடங்கிவிடும். மலையில் வளைவுக்கா பஞ்சம்?

தங்கைக்குப் போன் அடித்தார், மாப்பிள்ளைக்கு அடித்தார், இரண்டு போனும் எட்டவில்லை. பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டு, ஸ்பானரை இடுப்பில் செருகிக்கொண்டு பைக்கை எடுத்தார். வழியில் ஓரமாக நின்ற ஒவ்வொரு காரும் அவர் உயிரை வாங்கியது. எதிரே வந்த லாரிக்காரன் திட்டியதுகூடக் காதில் விழவில்லை. பதினோராவது வளைவில் அந்தக் கார் நின்றிருந்தது. சின்னவள் வாந்தி எடுத்ததால் நிறுத்தியிருக்கிறார்கள். அந்தக் குழந்தையை அப்படியே தூக்கிக் கொஞ்சலாம் போல இருந்தது அவருக்கு.

மாப்பிள்ளையை ஸ்டீயரிங்கைத் திருப்பச் சொல்லிவிட்டு இடது சக்கரத்தருகே படுத்தார். கோடு உடையாமல் இருந்தது. ஸ்பானர் போட்டு இழுத்தார், அசையவில்லை. போன உயிர் திரும்பி வந்தது.

"இதுக்கா மச்சான் இவ்வளவு தூரம் வந்தீங்க? படத்த நிமித்துற மாதிரி எங்களையும் நிமித்த வந்துட்டீங்க போல," என்று மாப்பிள்ளை சிரித்தார். கோட்டுக்காரரும் சிரித்தபடி எழுந்தார். ஆனால் கை சும்மா இருந்தால்தானே. வலது பக்கமும் போய்ப் படுத்தார். அங்கேயும் கோடு, பளிச்சென்று. அது சந்தேகமே இல்லாத பக்கம். சும்மா ஒப்புக்கு ஸ்பானரை வைத்தார்.

நட்டு சுழன்றது.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. காருக்கு அடியில் தலையை மாற்றிப் படுத்தால் இடது வலதாகிவிடும். போன் வந்தது இந்தப் பக்கம்தான். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஸ்பானரை இழுக்க முடியாது. பேனா பிடிக்க முடியும். கை தன் பழக்கத்துக்குக் கோட்டை இழுத்திருக்கிறது.

சத்தமில்லாமல் இறுக்கிவிட்டு எழுந்துவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒரு நிமிஷம் அப்படி நினைக்கவும் செய்தார். பிள்ளைகளின் நான்கு செருப்புக் கால்கள் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நின்றன.

"மாப்ள, இத நான் இறுக்கவே இல்ல. கோடு மட்டும் போட்டிருக்கேன்."

மாப்பிள்ளையின் சிரிப்பு நின்றது. தங்கை பிள்ளைகளை இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள். "அண்ணா, காலைல வண்டி ஆச்சா ஆச்சான்னு போன் பண்ணினது நான்தானே," என்றாள்.

"பண்ணினது நீ. எடுத்தது நான்."

பலங்கொண்ட மட்டும் இறுக்கினார். பிறகு வெளியே வந்து ஸ்பானரை மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

"நீங்க ஒரு தடவ இழுத்துப் பாருங்க. நீங்க சொன்னாத்தான் கோடு."

மாப்பிள்ளை வெள்ளைச் சட்டையோடு ரோட்டில் படுத்தார். இரண்டு கையாலும் இழுத்தார். "அசையல மச்சான்," என்றார்.

கோட்டுக்காரர் பேனாவை எடுத்தார். கோடு கோணலாக விழுந்தது. அதை அவர் நேராக்கவில்லை.