நாலு அறையிலும் அடித்த மணி

ஃபோன் இணைப்புக் கடை வைத்திருந்த வல்ஜி போட்ட திட்டத்தைக் கெடுத்தது நான்ஜி பாபா. குஜராத்தின் மோர்பியில் வேறு யாரும் ஃபோன் வேலையில் அவனைக் குறை சொன்னதில்லை. அந்த ஆத்திரம் வருஷக்கணக்காக அவனுக்குள்ளேயே கிடந்தது.

ஒற்றைச் சூளையோடு தொடங்கிய டைல்ஸ் கம்பெனி. பங்குதாரர்கள் நாலு பேர், மூத்தவர் பாபா. இரண்டாவது சூளை வந்தபோது அறைக்கு அறை ஃபோன் கேட்டார்கள். வல்ஜி யோசித்துத்தான் போட்டான். ஆர்டர் கேட்பவன் விற்பனை அறைக்கு, லாரிக்காரன் கிடங்குக்கு, சூளை ஆள் கூப்பிட்டால் நேரே ஹரேஷுக்கு. சூளை, பங்குதாரர்களில் ஒருவனான ஹரேஷின் பொறுப்பு.

பாபா டீயைத் தட்டில் ஊற்றி உறிஞ்சிவிட்டுச் சொன்னார். "எல்லாம் சரி. மொதல்ல என் மேஜையில அடிக்கணும்."

"சூளையில ஒண்ணுன்னா ஹரேஷ்பாய்தானே ஓடணும் பாபா? நீங்களா ஓடப் போறீங்க?"

"என்னைத் தாண்டிப் பேச்சு போனா நான் எதுக்கு இங்க, உக்காந்து காட்டியா நொறுக்குத்தீனி தின்னவா?"

மற்ற மூவரும் பாபா சொன்னதற்கே தலையாட்டினார்கள். கடைசியில், எந்த அழைப்பு வந்தாலும் நாலு அறையிலும் சேர்ந்து அடிக்கிற மாதிரி இணைப்புப் பெட்டியை வைத்துக் கொடுத்தான். ஆரம்பத்தில் பாபாவே எடுத்தார். போகப்போக அவர் எடுப்பதில்லை. பெரியவர் எடுப்பார் என்று சின்னவர்கள் சும்மா இருப்பார்கள். மணி அடித்து ஓய்ந்துவிடும். வெளியூர் வியாபாரிகள் திட்டினார்கள். திட்டெல்லாம் வல்ஜிக்குத்தான் வந்து சேர்ந்தது.

மூன்றாவது சூளை கட்டிக்கொண்டிருந்த சமயம், ஒரு மதியம் சூளைக்கு வரும் எரிவாயுவின் அழுத்தம் இறங்கிவிட்டது. சூளை ஆள் கெங்கார் விடாமல் கூப்பிட்டிருக்கிறான். பங்குதாரர்கள் பாபா அறையில் சாப்பிட்டு மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மேஜை ஃபோன் அடித்தது. மூவரும் பாபாவைப் பார்த்தார்கள். பாபா மோரைப் பார்த்தார். கெங்கார் மூச்சிரைக்க ஓடி வந்து சேர்வதற்குள் சூளைக்குள் இருந்த சரக்கு மொத்தமும் வெடிப்பு விட்டிருந்தது.

ஹரேஷ் வல்ஜியை வரவழைத்துக் கத்தினான். "உன் பெட்டியக் கழட்டிட்டுப் போ வல்ஜிபாய். இனி ராஜ்கோட்காரன் வந்து போடட்டும்."

"பெட்டி அடிக்கத்தானே செஞ்சுது? நாலு பேருக்கும் சேத்து எடுக்க ஒரு கை இல்லையா?"

"பாபா உக்காந்திருக்கறப்ப நான் எப்படி எடுக்கறது?"

இந்த வேலை போனால் வல்ஜி கடையைச் சாத்த வேண்டியதுதான், மற்றதெல்லாம் சில்லறை. ஸ்க்ரூடிரைவரோடு நேரே பாபா அறைக்குப் போனான்.

"எடுத்தா கௌரவம் கொறஞ்சா போயிடும்?" என்று கேட்டேவிட்டான்.

பாபா அவன் வாயையே பார்த்தார். "சத்தமாச் சொல்லு."

சத்தமாகச் சொன்னான். பாபா கதவைச் சாத்தச் சொன்னார்.

"மணி கேக்குதுப்பா. அதுல பேசறதுதான் கேக்கல. எடுத்துட்டு என்னத்தைச் சொல்ல?"

வல்ஜிக்கு இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. "இத அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாமே."

"சொன்னா என் நாற்காலிய வீட்டுக்கு அனுப்பிடுவானுங்க." பாபா ஃபோனைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். "ஹரேஷ்கிட்ட நான் பேசறேன், மூணு சூளைக்கும் ஃபோன் வேலை உனக்குத்தான். உன் மொதத் திட்டப்படியே போடு. சூளை நேரா அவனுக்கே போகட்டும். எனக்கு வர்ற கம்பிய மட்டும் அறுத்துடு. ஃபோன எடுத்துடாத, மேஜையிலயே இருக்கட்டும்."