பின்பக்கம் வெள்ளையாக இருந்த காகிதங்கள்

அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவள் ஜெராக்ஸ் அக்கா. அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அவளும் திருத்தியதில்லை. கடை என்றால் ஒரு மிஷின், ஒரு மேசை, ஒரு முக்காலி. மிஷினுக்கும் சுவருக்கும் நடுவில் பக்கவாட்டில்தான் நுழைய முடியும். "இதுக்கு மேல ஒரு சுத்து பெருத்தேன்னா கடையை மாத்தணும்" என்பாள்.

அவளுக்கு இரண்டு பழக்கங்கள். கையில் வாங்கிய காகிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் மிஷினில் வைப்பாள். பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் பல்லைக் கடிப்பார்கள். "காப்பி எடுக்கக் குடுத்தா பரீட்சைக்குப் படிக்கிறியே" என்று பக்கத்துக் கடைத் தையல்காரர் கேலி செய்வார். ஆனால் கையெழுத்து விட்டுப்போனதையும் பிறந்த வருஷம் மாறிப்போனதையும் அவள் கண்டுபிடித்துச் சொன்னதால், வீண் அலைச்சல் மிச்சமானவர்கள் அந்தத் தெருவில் அதிகம்.

இன்னொரு பழக்கம், காகிதத்தை வீணாக்கமாட்டாள். கோணலாக விழுந்தது, கறுத்துப்போனது எதையும் குப்பையில் போட மனசு வராது. நாலாக வெட்டி, வெள்ளைப் பக்கம் மேலே வர அடுக்கி, ஓரத்தில் பின் அடித்துக் குறிப்பு அட்டையாக்கித் தெருக் கடைகளுக்குச் சும்மா கொடுப்பாள். "ஒரு பக்கம்தானே செத்துச்சு, மறுபக்கம் உயிரோடதானே இருக்கு?" தையல்காரர் அதில் அளவு குறித்துக்கொள்வார். மளிகைக்காரர் சரக்குப் பட்டியல் எழுதுவார். எதிர்வரிசையில் துணி தேய்க்கும் பெரியம்மா எத்தனை சட்டை, எத்தனை பேண்ட் என்று கோடு போட்டு வைப்பாள்.

ஒருநாள் காலை அந்தப் பெரியம்மாதான் சூடான இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தவள் போலப் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"அக்கா, பேங்க்லேர்ந்து பேசுறாங்க. ஏதோ நம்பர் வந்திருக்காம். எனக்குக் கண்ணு தெரியல, வாசிச்சுச் சொல்லு. இல்லாட்டி கணக்கை மூடிடுவாங்களாம்!"

அந்தக் கணக்கில் என்ன இருக்கிறது என்று அக்காவுக்குத் தெரியும். பெரியம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. காலர் எங்கே முடிகிறது, கை எங்கே தொடங்குகிறது என்று தடவிப் பார்த்துத் தேய்க்கும் நிலைமை. போன மாதம் ஒரு வெள்ளைச் சட்டையைக் கருக்கிவிட்டு அழுதாள். ஆபரேஷனுக்கென்று மூன்று வருஷமாகச் சேர்த்த பணம் அது.

அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டாள். "சொல்லுங்க, நான் வாசிக்கிறேன்."

"ஆறு நம்பர் இருக்கும் மேடம், அதை மட்டும் சொல்லுங்க" என்றது நல்ல இனிமையான குரல்.

அவளுக்கும் சந்தேகம் எதுவும் வரவில்லை. ஆனால் 'அதை மட்டும்' வாசித்துப் பழக்கமில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள்.

"மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே..."

"அதெல்லாம் வேண்டாம் மேடம். நம்பர்."

"இருங்க, வர்றேன். 'உங்கள் கணக்கிலிருந்து வேறொரு கணக்கிற்குப் பணம் அனுப்பக் கோரப்பட்டுள்ளது...' ஏன் பெரியம்மா, நீ யாருக்காவது பணம் அனுப்புறியா?"

"நான் யாருக்குடி அனுப்பப் போறேன்?"

"மேடம், நேரம் ஆகுது! இன்னும் ஒரு நிமிஷத்துல கணக்கு முடங்கிடும்!"

"'கோரியது நீங்கள் இல்லையென்றால் உடனே எங்களுக்குத் தெரிவிக்கவும். கீழுள்ள எண்ணை எவரிடமும், வங்கி ஊழியரிடமும், சொல்ல வேண்டாம்...'"

அங்கே நின்றாள். எண் அதற்கு அடுத்த வரியில் இருந்தது. முதல் வரியிலேயே இருந்திருந்தால் வாசித்திருப்பாள் என்பதைப் பின்னால் அவளே பலரிடம் ஒப்புக்கொண்டாள்.

"ஏங்க, நீங்க பேங்க் ஊழியர்தானே?"

"ஆமா மேடம்!"

"உங்ககிட்டயும் சொல்லக் கூடாதுன்னு உங்க பேங்க்கே எழுதியிருக்கே?"

இனிமையெல்லாம் எங்கேயோ போய், குரல் கத்தத் தொடங்கியது. "முடங்கினா முடங்கட்டும். நேர்ல வந்து திறந்துக்கிறோம்" என்று அக்கா துண்டித்தாள்.

அழைப்பு வந்த எண்ணுக்குத் திரும்பப் பேசாமல், பெரியம்மாவின் பேங்க் கார்டின் பின்புறம் அச்சடித்திருந்த எண்ணைப் போட்டாள். அரை மணி நேரம் ஒரே பாட்டைக் கேட்டபடி இருவரும் ஒரு முக்காலியில் பாதிப் பாதியாக உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் ஒரு பெண் பேசினாள். பணம் அப்படியே இருந்தது. பழைய கார்டை நிறுத்தி, கடவுச்சொல்லை மாற்றவைத்தாள்.

பெரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நான் ஒண்ணும் ஏமாளி இல்லடி. என் பேரு சொன்னான், பிறந்த தேதி சொன்னான், எங்கப்பா பேரு சொன்னான். நானே மறந்துபோன பழைய வீட்டு நம்பரைச் சொன்னான். எப்படி நம்பாம இருக்க?"

பழைய வீட்டு நம்பர் என்றதும் அக்கா நிமிர்ந்து பார்த்தாள். பெரியம்மா வீடு மாறி எட்டு வருஷம் ஆகிறது. அடையாள அட்டையில் மட்டும்தான் இன்னும் அந்தப் பழைய விலாசம். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்காக அந்த அட்டையையும், போன் நம்பரும் கணக்கு நம்பரும் எழுதிய படிவத்தையும் காப்பி எடுத்தது அவள்தான். முதல் காப்பி இரண்டும் கறுத்துப்போயின. அவற்றை என்ன செய்தாள்?

தையல்காரரின் மேசையில் கிடந்த குறிப்பு அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பினாள். 'மார்பு முப்பத்தெட்டு, கை இருபத்து மூணு' என்ற தாளின் முதுகில் பெரியம்மாவின் பாதி முகமும் பிறந்த தேதியும்.

"மீதி மூணு துண்டு எங்கண்ணே?"

"அளவுச் சீட்டைத் துணியிலேயே குத்திக் குடுத்துடுவேனே. எவன் வீட்டுக்குப் போச்சோ?" என்றவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "அந்த அட்டைக் காப்பியைப் பெரியம்மா பத்து இடத்துல குடுத்திருக்கும். உன்னாலதான்னு எப்படிச் சொல்றே?"

"இல்லைன்னும் சொல்ல முடியலியே அண்ணே."

ஊரார் காகிதத்தையெல்லாம் வரி விடாமல் படித்தவள், தான் செய்த அட்டை ஒன்றைக்கூட ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை.

அன்று மதியம் கடையை அடைத்துவிட்டுத் துணிப்பையோடு கடை கடையாக ஏறி அட்டைகளைத் திரும்பக் கேட்டாள். காரணத்தை மறைக்காமல் சொன்னாள். "குடுத்ததைத் திருப்பிக் கேக்குறியே, வட்டியும் வேணுமா?" என்று மளிகைக்காரர் சிரித்தார். அவர் கொடுத்த அட்டையைத் திருப்பி, அவரே கையெழுத்துப் போட்ட பேங்க் படிவத்தின் துண்டை அவள் காட்டியதும் சிரிப்பு நின்றது.

கடைசியாகப் பெரியம்மாவிடம் போய், அந்தப் பாதி முகத்தை மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

பெரியம்மா கையிலிருந்த சட்டையைத் தேய்த்து முடித்து, மடித்து வைத்தாள். தாளைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"என் மூஞ்சியை வெச்சு எவனுக்கோ சட்டை தைச்சிருக்கீங்க."

"தப்புத்தான் பெரியம்மா."

"பணம் போயிருந்தா உன் மூஞ்சியில முழிச்சிருக்க மாட்டேன். போகல. ஆனாலும் ரெண்டு நாளைக்கு உன்கூடப் பேசமாட்டேன். போ."

சொன்னபடியே இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்துவிட்டார்கள் என்று அடையாள அட்டையோடு வந்து நின்றாள். அக்கா அதைப் பதற்றத்தோடு மிஷினில் வைத்ததில் முதல் காப்பி கோணலாக விழுந்தது. அதைப் பெரியம்மாவின் கையிலேயே கொடுத்தாள்.

"உன் மூஞ்சி. நீயே கிழிச்சுப் போடு."

"குடு, இந்த போட்டோவுல நான் நல்லாவே இல்ல" என்று பெரியம்மா பொடிப்பொடியாகக் கிழித்தாள். இரண்டாவது காப்பி நேராக வந்தது. அதன் குறுக்கே அக்கா பேனாவால் 'கண் ஆபரேஷனுக்கு மட்டும்' என்று எழுதித் தேதி போட்டாள்.

"என்னடி எழுதினே? வாசி."

வாசித்தாள்.

"முதல் வரியிலேர்ந்து வாசி" என்று பெரியம்மா முக்காலியின் பாதியில் உட்கார்ந்தாள். "பஸ்ஸு போனாப் போகட்டும்."