எழுதுற அக்காவுக்கு ஒரு வவ்வால் மீன்

எனக்குப் பொறாமை உண்டு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டாம். மற்ற புகைப்படக்காரர்கள் மேல் அல்ல. என்னோடு வளைகுடா நாடு ஒன்றுக்கு வந்த, பத்திரிகையில் எழுதுகிற என் தோழி மேல்.

பல வருடங்களுக்கு முன் இருவரும் ஒரே வேலையாகத்தான் போனோம். வீட்டு வேலைக்கென்று போய், அடியும் பட்டினியும் தாங்காமல் ஓடிவந்த நம் பெண்களை, ஊர் திரும்பும்வரை தங்க வைத்திருந்த காப்பகம் அது. படத்தில் முகம் தெரியக் கூடாது என்று நிபந்தனை போட்டிருந்தார்கள். அதனால் நான் எடுத்ததெல்லாம் முதுகு, பின்னங்கழுத்து, காது, மடியில் கோர்த்த கைகள். தோழி அவர்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டாள், தலை வாரிவிட்டாள், சேர்ந்து அழுதாள். நான் வெளிச்சம் போய்விடுமே என்று ஒரு டீ குடிக்கக்கூட உட்காரவில்லை. கேமரா இருப்பதையே எதிரில் இருப்பவர் மறந்துவிட வேண்டும் என்பதுதான் என் தொழில் கர்வம்.

ஊருக்கு வந்தபின் அந்தப் பெண்களில் சிலர் பொங்கலுக்கும் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கும் அவளுக்குப் போன் செய்கிறார்கள். ஒவ்வொரு போனையும் எனக்குச் சொல்லாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. என் தாம்பரம் வீட்டு ஹாலில் அவர்களுடைய முதுகுகள் சட்டம் போட்டுத் தொங்குகின்றன. எனக்கு ஒரு போன் வந்ததில்லை. வயிறு எரியத்தான் செய்தது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐஸில் கிடந்த மீன் அலுத்துப்போய், கேளம்பாக்கம் மார்க்கெட்டுக்குப் பஸ் ஏறினேன். அங்கே ஒரு பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்து கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். உச்சந்தலையில் இரட்டைச் சுழி. கிழிந்து தையல் போட்ட வலது காது. என் கால் அப்படியே நின்றுவிட்டது. அந்தக் காதை நான் கண்காட்சிக்காகப் பெரிதாக்கி, நாள்கணக்கில் பார்த்திருக்கிறேன். அவள் திரும்பினாள். முகம் எனக்குப் புதிதாக இருந்தது. அன்று பார்த்திருப்பேன்தான், ஆனால் எனக்கு நினைவில் நிற்பது நான் எடுத்தது மட்டும்.

குனிந்து மெதுவாக அந்தக் காப்பகம் இருந்த ஊர்ப் பெயரைச் சொன்னேன். அவள் பயந்து பக்கத்துக் கடையைப் பார்த்தாள். எழுதுகிறவளோடு அங்கே வந்திருந்தேன் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது.

"எழுதுற அக்காவா? நல்லா கீறாங்களா? நம்பர் இருந்த போனு தண்ணில பூடுச்சிக்கா."

தோழிக்குச் சர்க்கரை வந்திருப்பது முதல் வேளச்சேரியில் வீடு மாறியது வரை சொல்ல வேண்டியதாயிற்று. என்னைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. நான் சங்கரா மீன் வாங்கினேன், பேரம் பேசித்தான் வாங்கினேன். அவள் கூடையின் அடியிலிருந்து ஒரு பெரிய வவ்வால் மீனை எடுத்து, சுத்தம் செய்து, தனியாகக் கட்டி நீட்டினாள். எழுதுற அக்காவிடம் கொடுத்துவிட வேண்டுமாம்.

அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. நானும்தான் அங்கே இருந்தேன் என்று காட்டிவிட வேண்டும் போலிருந்தது. போனை எடுத்து, நான் எடுத்ததிலேயே நல்ல படத்தைத் திறந்தேன். இரட்டைச் சுழித் தலை தோழியின் தோளில் சாய்ந்திருக்கும், தோழி கண்ணை மூடியிருப்பாள். மீன்காரப் பெண் ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கினாள். கண் நிறைந்துவிட்டது.

"இத யாரு எடுத்தாங்க? அன்னிக்கு அந்த ரூம்ல நானும் அக்காவும்தான இருந்தோம்?"

நான்தான் என்றேன். அவள் முதல் தடவையாக என் முகத்தை நன்றாகப் பார்த்தாள். பாவம், உண்மையாகவே தேடிப் பார்த்தாள்.

"நீங்க எங்கக்கா நின்னுகினு இருந்தீங்க?"

"எதிர்லயேதான்."

தலையை ஆட்டிவிட்டு மறுபடி படத்துக்குப் போனாள். இரண்டு விரலால் தோழியின் முகத்தைப் பெரிதாக்கினாள். அதை அனுப்பச் சொன்னாள், அனுப்பினேன். தோழியின் நம்பரையும் கேட்டாள். அதையும் கொடுத்துத் தொலைத்தேன்.

சாயங்காலம் தோழி போன் செய்தாள். குரலிலேயே தெரிந்தது. "யார் பேசினது தெரியுமா?" என்று ஆரம்பித்தாள். அந்தப் பெண் என்னைப் பற்றி என்ன சொன்னாள் என்று கேட்க நாக்கு துடித்தது, கேட்கவில்லை. மீன் கிடைத்ததா என்று அவள் கேட்டாளாம், எந்த மீன் என்று தோழிக்குப் புரியவில்லையாம். அப்போது என் வாயில் வவ்வால் இருந்தது.