இணைச்சீருக்குப் போன வண்டி

மழை வலுத்தால் நான் துடியலூர் வீட்டிலிருந்து மகனுக்கு நாலு தடவையாவது போன் செய்துவிடுவேன். தண்ணீர் ஓடும் தரைப்பாலத்தில் வண்டியை விடாதே என்பேன். "நான் வர்ற வழில பாலமே இல்லீங்கப்பா" என்று சிரிப்பான். பாலம் இல்லாவிட்டால் பயமும் இல்லாமல் போய்விடுமா?

எனக்கு எட்டு வயதிருக்கும்போது சித்தப்பாவுக்குக் கல்யாணம் வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் முகூர்த்தத்துக்கு முன்னால் மாப்பிள்ளையோடு பிறந்தவள் அவனருகில் நின்று இணைச்சீர் செய்ய வேண்டும். சித்தப்பாவுக்கு இருந்தது ஒரே அக்கா, என் அத்தை. அவளை அழைத்துவர முந்தின நாள் காலையில் அப்பா மாட்டுவண்டி பூட்டினார். நானும் தொற்றிக்கொண்டேன். திரும்பும்போது அத்தையும் மாமாவும் அவர்களுடைய இரண்டு வயதுப் பெண்ணும் வண்டியில் இருந்தார்கள். கூடவே ஏழு சீர்த்தட்டுகள். நான் மூன்று முறை எண்ணிப் பார்த்தேன்.

எங்கள் தலைக்கு மேல் மேகமே இல்லை. மேற்கே மலை மட்டும் கருத்துக் கிடந்தது.

வழியில் ஒரு பள்ளம் உண்டு. ஓடையைத்தான் பள்ளம் என்போம். வருடத்தில் பத்து மாதம் அதில் வெறும் மணல்தான். காலையில் அதைத் தாண்டியபோது மாட்டின் குளம்புகூட நனையவில்லை. இப்போது செந்தண்ணீர் ஓடியது. சருகும் நுரையும் சுழன்று போயின.

"மொழங்கால் தண்ணிதான் மாப்ள. அஞ்சு நிமிசத்துல அக்கரை" என்று அப்பா மாடுகளை இறக்கினார். நாலடி போனதும் இடப்பக்க மாடு நின்றுவிட்டது. அப்பா சாட்டையை ஓங்கினார். மாமா வாலை முறுக்க எழுந்தார்.

"நிறுத்துங்கண்ணா" என்றாள் அத்தை.

"பேசாம உக்காரு அம்மணி. பொழுது எறங்குது, சீருக்கு நேரமாச்சு."

அத்தை குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வண்டியின் பின்பக்கமாகக் குதித்தாள். மறு கையால் என்னையும் இழுத்துப்போட்டாள். கரையேறி நின்றுகொண்டு சொன்னாள்:

"போறதுன்னா போங்க. இணைச்சீர்காரி இல்லாத வெறும் வண்டிய ஓட்டிட்டுப் போயி அங்க என்ன பண்ணுவீங்க?"

"ஏம்புள்ள, சபைல என் மானத்த வாங்கோணும்னே வந்தியா? உன்ற தம்பி கண்ணாலம்!" என்று மாமா கத்தினார்.

"தம்பி கண்ணாலந்தானுங்க. அதுக்கோசரம் புள்ளைகளத் தண்ணில உடறதுங்களா?"

அப்பா சாட்டையைத் தாழ்த்தினார். மாடுகளைப் பின்னுக்குத் தள்ளினார். சக்கரம் மணலில் புதைந்திருந்தது. மாமா இறங்கித் தோள் கொடுத்தார். வண்டி கரையேறி, அப்பா மாடுகளைத் திருப்பவும் மேற்கே ஓர் இரைச்சல் கேட்டது. மழையென்று நினைத்து வானத்தைப் பார்த்தேன். வந்தது தண்ணீர். வேரோடு ஒரு வேப்பமரம், அதன் பின்னால் யாரோ கட்டிவைத்திருந்த ஆட்டுப்பட்டியின் படல். நாங்கள் நின்ற இடம் மறைந்தது. பின்வாங்கினோம். அந்த இடமும் மறைந்தது.

அன்று பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் வீட்டில் தங்கினோம். விடிந்து பார்த்தால் பள்ளத்தில் கணுக்கால் தண்ணீர். எதுவும் நடக்காததுபோல் சலசலத்துக்கொண்டிருந்தது.

கல்யாண வீட்டில் தாலி கட்டி முடிந்திருந்தது. ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி இணைச்சீருக்கு நின்றிருந்தாள். எங்களுக்குப் பின்னால் அதே பள்ளத்தைத் தாண்டி வந்த ஒரு பெரியம்மா, பந்தலுக்கே கேட்கும்படி சொன்னாள்:

"இந்தத் தண்ணிக்கா அம்மணி தம்பி சீர உட்டுப்போட்டு நின்ன? என்ற கொசுவங்கூட நனையலயே!"

எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பா வேப்பமரத்தைப் பற்றிச் சொல்லுவார் என்று பார்த்தேன். மாமாவாவது சொல்லுவார் என்று பார்த்தேன்.

"எனக்குத் தண்ணின்னாவே பயமுங்க. நாந்தான் வர மாட்டீனுட்டேன்" என்று அத்தையே சொல்லிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பந்தியில் பரிமாறப் போனாள்.

அவள் பொய் சொல்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. பயந்தவள் ஓடும் தண்ணீரில் குதிப்பாளா? அப்பா வண்டியைத் தண்ணீரில் இறக்கியதை விட்டுவிட்டு இதை ஏன் சொன்னாள் என்பதுதான் பிடிபடவில்லை.

அப்பாவைச் சாப்பிடக் கூப்பிடப் போனேன். ஆளில்லாத கொட்டகையில் மாடுகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். "கயிறு தளந்திருக்குது கண்ணு, கட்டிப்போட்டு வாரேன்" என்றார். கயிற்றில் ஏற்கெனவே நாலு முடிச்சு இருந்தது. ஐந்தாவதை எதற்குப் போடுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.