ரயில் ஆணியும் மூன்று ஏழுகளும்

தெரிந்தவர்கள் ரிஷ் என்று கூப்பிடும் ஒரிசியா பிரிஸ்டுபாவுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். வின்னிபெக் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி இதயத் துடிப்பைத் தாளில் எடுத்துக் கொடுப்பதுதான் அவள் வேலை. தாளைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிடும். ஆனால் அதைச் சொல்வது டாக்டரின் வேலை. அவள் வாயைத் திறக்காமல் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவாள். இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் நெஞ்சுகளைப் பார்த்தவள், தன் தம்பி லோர்னின் நெஞ்சை மட்டும் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

லோர்ன் டிசம்பரில் செத்துப்போனான். ஐம்பத்து மூன்று வயது. அதற்கு முன் மூன்று வாரம் அவனுக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. அக்காவிடம் சொல்லவில்லை, ஏப் ரைமரிடம் சொல்லியிருக்கிறான். ரயில் பட்டறையில் லோர்னோடு முப்பது வருஷம் வேலை பார்த்த ஏப், அவன் கேட்டுக்கொண்டபடி யாரிடமும் மூச்சுவிடவில்லை. சர்ச்சின் கீழ்த்தளத்தில், சாவுச் சாப்பாட்டின்போது, காப்பிக் கோப்பையைப் பிடித்தபடி அதை அவளிடம் சொன்னார். அன்றிலிருந்து ஏப்பின் பெயரைக் கேட்டாலே அவளுக்குப் பல் கடிபட்டது.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஆணியையும் எடுத்துக்கொண்டார்.

அது பழைய தண்டவாள ஆணியின் தலைப்பாகம். லோர்ன் அறுத்து, தேய்த்து, பளபளப்பாக்கி வைத்திருந்தான். ஏப்பின் கார் ஷெட்டில் எட்டுப் பேர் கூடிப் போக்கர் ஆடிய காலத்தில், தன் சீட்டு பறக்காமலிருக்க அதன்மேல் வைப்பான். பிறகு கொரோனா வந்து ஆட்டம் கணினிக்கு மாறியது. திரையில் இருக்கும் சீட்டுக்கு எதற்கு ஆணி என்று எல்லோரும் கேலி செய்ததும், லோர்ன் அதைப் பரிசாக்கிவிட்டான். பிப்ரவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் யார் ஜெயிக்கிறார்களோ அவர்களிடம் ஒரு வருஷம் இருக்கும். போன வருஷம் அவனே ஜெயித்தான். அவன் அறையைக் காலி செய்ய ஒரிசியா போனபோது ஆணியைக் காணோம். சாவி வைத்திருந்த ஏப் முந்தின நாளே வந்து எடுத்துப் போயிருந்தார்.

போன் செய்தாள்.

"அது என் தம்பியோடது, ஏப்."

"இல்லைன்னு சொல்லலையே ரிஷ். ஆனா ஜெயிச்சவங்களுக்குத்தான்னு விதி வச்சதும் உன் தம்பிதான்."

"அவன்தான் செத்துட்டானே."

"அதனாலதான் அந்த விதியை நான் மாத்த முடியல."

அவள் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். அன்றே முடிவு செய்தாள். ஜெயித்தே வாங்குவது. அதுவும் அந்த மனுஷர் கையாலேயே கொண்டுவந்து கொடுக்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஒரிசியா மோசமான ஆட்டக்காரி இல்லை, ஆனால் அவளுக்கு ஒரு வியாதி இருந்தது. நல்ல சீட்டு வந்தால் பந்தயம் கட்டாமல் பதுங்குவாள். எதிராளி தானாக வந்து விழட்டும் என்று காத்திருப்பாள். லோர்ன் தலையில் அடித்துக்கொள்வான். "எல்லாத்துக்கும் பதுங்காத ரிஷ். உன்னை முந்துற சீட்டு அடுத்து வர வழியே இல்லைன்னா பதுங்கு. எதிர்ல இருக்கிறவன் கை சும்மா இருக்காத ஆளா இருந்தா பதுங்கு. ரெண்டும் இல்லாதப்ப பதுங்கினா, சீட்டை அவனுக்கு ஓசியில குடுக்கிறேன்னு அர்த்தம்." அவள் தலையாட்டுவாள். அடுத்த ஞாயிறு மறுபடி பதுங்குவாள்.

கடைசி ஞாயிறு மத்தியானம் வெளியே மைனஸ் முப்பது. லேப்டாப்பில் மேசை திறந்தது. பக்கத்தில் போனில் எட்டுப் பேர் முகமும் சின்னச் சின்னக் கட்டங்களில் தெரிந்தன. லோர்னின் கட்டத்தில் இப்போது அவன் தூரத்து மச்சான் ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவன் முதலில் வெளியேறினான். ஒவ்வொருவராகக் கழன்று மூன்று மணிக்கு மூன்று பேர் மிஞ்சினார்கள்: ஒரிசியா, ஏப், பள்ளிக்கூட பஸ் ஓட்டும் ஜோசி லவாலே.

அப்போது ஒரிசியாவுக்கு இரண்டு ஒன்பது வந்தது. எல்லோருக்கும் பொதுவாக நடுவில் விழுந்த மூன்று சீட்டில் இன்னொரு ஒன்பது. மூன்று ஒன்பது கையில். ஆனால் கீழே கிடந்தவற்றில் இரண்டு ஆர்ட்டின். யாரிடமாவது ஒரே சாதியில் ஐந்து சேர்ந்தால் அது மூன்று ஒன்பதை முந்திவிடும். இன்னொரு ஆர்ட்டின் விழுந்தால் போச்சு. அவள் பதுங்கினாள். ஜோசியும் சும்மா இருந்தாள். அடுத்த சீட்டு ஆர்ட்டின் நாலு. அப்போதுதான் ஒரிசியா பந்தயம் கட்டினாள். ஜோசி அதற்குமேல் ஏற்றினாள். சீட்டுகள் திரும்பியபோது ஜோசியிடம் ஐந்து ஆர்ட்டின் சேர்ந்திருந்தது. ஒரிசியாவின் பந்தயச் சில்லுகளில் பாதி போய்விட்டது.

"நன்றிடீ கண்ணு," என்றாள் ஜோசி. "அந்த ஆர்ட்டினுக்கு நீ ஒரு பைசாகூடக் கேக்கலையே. கிறிஸ்மஸ் பரிசு லேட்டா வந்தாலும் பரிசுதான்."

ஏப் தன் கட்டத்துக்குள் சிரித்தார். "லோர்ன் இருந்திருந்தா இப்ப கத்தியிருப்பான்."

ஒரிசியாவின் குரல் இறங்கியது. "அவன் பேரை நீங்க எடுக்காதீங்க."

"ரிஷ், நான் சும்மா…"

"மூணு வாரம் சும்மாதானே இருந்தீங்க. இன்னும் கொஞ்ச நேரமும் சும்மா இருங்க. தெருவுல போறவனா இருந்தாக்கூட ஒரு வார்த்தை சொல்லியிருப்பான். என் வேலை என்னன்னு உங்களுக்குத் தெரியாது? காரை எடுத்தா பத்து நிமிஷத்துல என் மெஷின்கிட்ட வந்திருக்கலாம்."

ஜோசி குனிந்து எதையோ தேடுவதுபோல் பாவனை செய்தாள்.

"அவன் சத்தியம் வாங்கினான்," என்றார் ஏப்.

"செத்தவன்கிட்ட இப்ப நல்ல பேர் வாங்கிட்டீங்க."

ஆட்டம் தொடர்ந்தது. ஒரிசியா மவுஸை அழுத்திய அழுத்தத்தில் மேசை ஆடியது. கோபத்தில் ஆடுகிறவர்கள் தோற்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்று நல்ல சீட்டாக வந்துகொண்டே இருந்தது. ஒரே கையில் ஜோசியின் மொத்தச் சில்லும் அவளிடம் வந்தது. "பிள்ளைங்களை ஏத்தப் போறேன்," என்று சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை என்பது நினைவு வந்து, ஜோசி அங்கேயே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

ஏப்பும் அவளும் மட்டும். சில்லுகள் ஏறக்குறைய சமம். அவளிடம் ஒரு கைப்பிடி அதிகம்.

அவளுக்கு இரண்டு ஏழு வந்தது. ஏப் ஏற்றினார். அவள் ஈடு கட்டினாள். நடுவில் ராஜா, ஏழு, இரண்டு விழுந்தன. மூன்றும் வேறு வேறு சாதி.

மூன்று ஏழு. முந்திப்போகும் சீட்டு எதுவும் அடுத்து வர ஏறக்குறைய வழியில்லை. எதிரே கை சும்மா இருக்காத ஏப். லோர்ன் சொன்ன இரண்டு நிபந்தனையும் பொருந்தியிருந்தன. வாழ்நாளில் ஒருமுறை பதுங்குவது சரி என்றால், அது இந்தக் கைதான். அவள் விரல் பழக்கப்படி பதுங்கும் பொத்தானுக்குப் போனது.

போய் நின்றது.

இந்த விளையாட்டில் ஒவ்வொருவர் பெயர்மேலும் அழுத்திக் குறிப்பு எழுதி வைக்கலாம். எழுதினவருக்கு மட்டும்தான் அது தெரியும். ஏப் அவளைப் பற்றி என்ன எழுதியிருப்பார் என்பதற்கு ஜோசியம் தேவையில்லை. நல்ல கை என்றால் ரிஷ் சத்தம் போடமாட்டாள். இப்போது பதுங்கினால் அந்த மனுஷர் மோப்பம் பிடித்து ஒதுங்கிவிடுவார். ஆனால் ஒரு மணி நேரமாக அவள் கொதிப்பதை மற்றவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதில் நடிப்பு ஒன்றும் இல்லை.

மொத்தச் சில்லையும் நடுவில் தள்ளினாள்.

ஏப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கோபத்துல போடுற ரிஷ்."

"ஆமா."

"உன் பேருக்கு நேரா என்ன எழுதி வச்சிருக்கேன் தெரியுமா? 'நல்ல கை வந்தா வாய் திறக்கமாட்டா.'"

"படிச்சுப் பார்த்து முடிவு பண்ணுங்க."

ஏப் படித்துப் பார்த்தார். ஈடு கட்டினார். அவர் கையில் ராஜாவும் ஜாக்கியும்; நடுவில் கிடந்ததோடு சேர்த்து ஒரு ராஜா ஜோடி, அவ்வளவுதான். அடுத்த இரண்டு சீட்டும் அவருக்கு உதவவில்லை.

"அடேயப்பா," என்றாள் ஜோசி மெல்ல. "நம்ம பூனை கடிக்கக்கூடச் செய்யுதே."

மறுநாள் பதினோரு மணிக்கு ஏப் வந்தார். வாசல் பனியை வழித்துக்கொண்டிருந்த ஒரிசியா மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை. அவர் கையுறையைக் கழற்றி, கோட்டுப் பையிலிருந்து ஆணியை எடுத்து நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். அந்தக் குளிரில் இரும்பு விரலைச் சுட்டது.

"உள்ள வாங்கன்னு சொல்லமாட்டேன்."

"வேணாம்."

"எப்ப உன்கிட்ட சொன்னான்?" இருபது வருஷமாக 'நீங்க' என்றே பேசியவள், அந்த ஒரு கேள்வியில் அது மாறியதைக் கவனிக்கவில்லை. ஏப் கவனித்தார்.

"நவம்பர்ல, கிரே கப் புட்பால் மேட்ச் அன்னிக்கு. உன் வீட்டுலதான். பாதி ஆட்டத்துல எழுந்து பின்பக்கம் போனான் பாரு. நானும் பின்னாடியே போனேன். கையைப் பிசைஞ்சிக்கிட்டு நின்னான். என்னடான்னேன். சொன்னான்."

ஒரிசியா மண்வெட்டியைப் பனியில் ஊன்றினாள். அன்று சமையலறையில் பெரோகிக் கொழுக்கட்டைகளைக் கொதிதண்ணீரிலிருந்து அரித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியே தம்பி கோட்டுகூடப் போடாமல் இடது கையைப் பிசைவது தெரிந்தது. எந்தக் கை, எந்த இடம் என்று படித்த கண். பனி வழித்ததில் பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். இத்தனை பேருக்கு நடுவே வேண்டாம், நாளைக்குக் கேட்கலாம் என்று வெங்காயத்தைத் தாளிக்கப் போய்விட்டாள். நாளைக்கு வேறு வேலை வந்தது.

"நானும் பார்த்தேன்," என்றாள். "ஜன்னல் வழியா. நாளைக்குக் கேக்கலாம்னு விட்டுட்டேன்."

ஏப் எதையோ சொல்ல வாயெடுத்தார்.

"ஆறுதல் சொன்னீங்கன்னா இந்த ஆணியாலயே அடிப்பேன்."

அவர் கையுறையை மாட்டிக்கொண்டார்.

"எனக்கு உங்கமேல கோபம் போகல. அவன்மேலயும் போகல. ஞாயித்துக்கிழமை வருவேன். வாரா வாரம் உங்களைத்தான் முதல்ல வெளிய அனுப்புவேன்."

"வா," என்றார் ஏப். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

அவள் உள்ளே வந்து பூட்ஸைக்கூடக் கழற்றாமல் லேப்டாப்பைத் திறந்தாள். லோர்னின் பெயர் பட்டியலில் சாம்பல் நிறத்தில் இருந்தது. அதன்மேல் அழுத்தினாள். ஐந்து வருஷத்துக்கு முன் அவளே எழுதியது: 'பெரிய கை வந்தால் அமைதியாகிவிடுவான். நம்பாதே.'

நீக்கும் பொத்தான் பக்கத்திலேயே இருந்தது. லேப்டாப்பை அறைந்து மூடி, அதன்மேல் ஆணியை வைத்தாள். அடுப்படிக்குப் போய், பின்பக்க ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று, பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள். விரல் விறைத்திருந்தது. முடிச்சு அவிழவில்லை.