ஏழு மணி பஸ்ஸின் கிரிக்கெட் நிபுணர்

எங்கள் அப்பாவுக்குக் கிரிக்கெட் தெரியாது. எல்.பி.டபிள்யூ. என்றால் என்னவென்று இன்றைக்குக் கேட்டாலும் "கால்ல படறதும்மா" என்பார், அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. ஆனால் நான் நாலாவது படித்த காலத்தில், ஹைதராபாத்தில் மாரெட்பள்ளியிலிருந்து குஷாய்குடா எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைக்குக் காலை ஏழு மணிக்குப் புறப்படும் ஊழியர் பஸ்ஸில் அவர்தான் கிரிக்கெட் நிபுணர். டிரைவருக்குப் பின்னால், பயணிகளைப் பார்த்தபடி திருப்பிப் போட்ட ஒற்றை சீட் ஒன்று இருந்தது. அதில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். அப்பா ஏறி, சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினால் போதும், முப்பது பேர் பேப்பரை மடித்துவிடுவார்கள்.

அவர் அங்கே சொன்னதெல்லாம் அம்மாவின் சரக்கு. திருச்சியில் மூன்று அண்ணன்களோடு பிறந்தவள் அம்மா. அண்ணன்கள் தெருவில் ஆடும்போது மட்டையைத் தொடவிட மாட்டார்களாம், ஸ்கோர் எழுத மட்டும் கூப்பிடுவார்களாம். எழுதி எழுதியே ஆட்டத்தைக் கரைத்துக் குடித்துவிட்டாள். காலை ஆறு மணிக்கு அடுப்படியில் தோசையைத் திருப்பிக்கொண்டே முந்தின நாள் மேட்ச்சை அலசுவாள். அப்பா காபியைக் கையில் வைத்துக்கொண்டு, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி "ம், ம்" என்று கேட்பார். ஏழு மணிக்கு அது அப்படியே பஸ்ஸில் இறங்கும். அப்பா சொந்தமாகச் சேர்ப்பது ஒன்றே ஒன்றுதான். ஆரம்பத்தில் தெலுங்கில் "நன்னு அடிகிதே" என்பார், என்னைக் கேட்டால் என்று. கேட்டதே அம்மாவை!

அம்மாவின் கருத்துகள் மற்றவர்கள் மாதிரி இருக்காது. உலகக் கோப்பையில் முதல் மூன்று ஆட்டத்தை அடித்து நொறுக்கிய அணியைப் பார்த்து ஊரே வாயைப் பிளந்தால், "முதல் பந்தியிலயே வயிறு முட்டச் சாப்பிட்டவன், அரையிறுதிக்குள்ள படுத்துடுவான் பாருங்க" என்பாள். லீக் எல்லாம் கிரிக்கெட்டே இல்லை, வெறும் கூத்து என்று பெரியவர்கள் முகம் சுளித்தபோது அவள் ஒத்துக்கொள்ளவில்லை. உலகக் கோப்பையில் ஒரு நாள் சறுக்கினால் நாலு வருஷம் போச்சு, அதனால் பயந்து பயந்து ஆடுகிறார்கள், லீக்கில் பதினாலு ஆட்டம் இருப்பதால் அதில்தான் ஒருத்தனின் நிஜமான ஆட்டம் தெரியும் என்பது அவள் கட்சி. எந்த அணியைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் "அஞ்சாவது பவுலர் யாரு?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த தோசையை ஊற்றுவாள். ஆனால் யார் ஜெயிப்பார்கள் என்று மட்டும் சொல்ல மாட்டாள். அதற்குக் கிளி ஜோசியக்காரன் இருக்கிறானே என்பாள்.

நானும் அதே பஸ்ஸில்தான் போவேன். தொழிற்சாலைக்குப் பக்கத்திலிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளைகளுக்குக் கடைசி வரிசை. அங்கே உட்கார்ந்து, அம்மாவின் வார்த்தைகள் அப்பாவின் வாயிலிருந்து வருவதையும், உருது பேசும் போர்மேன் "ஹவ், ஹவ்" என்று ஆமோதித்துத் தலையாட்டுவதையும் கேட்டுக்கொண்டு வருவேன். எனக்கும் கருத்துகள் இருந்தன, அதுவும் ஒரு வண்டி இருந்தன. யார் கேட்டார்கள்? வீட்டில் வாயைத் திறந்தால் "சாப்பிடுடி முதல்ல" என்பார்கள்.

அந்த ஏப்ரலில் லீக் சூடு பிடித்திருந்த நேரம் பார்த்து அம்மா திருச்சிக்குப் போனாள். சித்திக்குப் பிரசவம். எனக்கு வருடப் பரீட்சை என்பதால் என்னை அப்பாவிடம் விட்டுவிட்டுப் போய்விட்டாள். எனக்காவது பரவாயில்லை. அப்பாவின் பாடுதான் திண்டாட்டமாகிவிட்டது. முதல் நாள் பஸ்ஸில் தொண்டை வலி என்று சைகை காட்டினார். இரண்டாம் நாள் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். போர்மேன் விடவில்லை, "கைக்கு சார், கைக்கு?" என்று, ஏன் பேசவில்லை என்று துளைத்துவிட்டார். மாமனார் வீட்டுக்குப் போன் போட்டு, தங்கையின் பிரசவத்துக்குப் போன மனைவியிடம் சுழற்பந்தைப் பற்றிக் கேட்க அப்பாவுக்கு வெட்கம். ஊரிலிருக்கும் மச்சான்கள் என்ன நினைப்பார்கள்? அதனால் மூன்றாம் நாள் சாயங்காலம் தன் மொபைலை என்னிடம் கொடுத்து, எங்கேயோ பார்த்துக்கொண்டு, "அம்மாகிட்ட பேசும்போது சும்மா கேளு, மேட்ச் பத்தி ஏதாவது சொல்றாளான்னு" என்றார்.

அன்றிலிருந்து அது என் உத்தியோகம். சாயங்காலம் ஆறு மணிக்கு அப்பா காய் வாங்கப் போவார். நான் அம்மாவைக் கூப்பிட்டு, அவள் சொல்வதை ரஃப் நோட்டிலிருந்து கிழித்த தாளில் எழுதி, காபி டபராவுக்குக் கீழே வைத்துவிடுவேன். அம்மாவுக்கும் பாவம், அங்கே பேச்சுத்துணை இல்லை போலிருக்கிறது, கொட்டித் தீர்த்துவிடுவாள். நடுவில் நான் ஏதாவது சொல்ல வந்தால் "நீ எழுதுடி, வாயாடாதே" என்பாள். எனக்கு உள்ளுக்குள் புகையும். உலகத்தில் எல்லாருடைய கருத்தையும் நான் எழுத வேண்டும், என்னுடையதை எழுத ஒரு நாதி இல்லை.

அப்புறம் அந்தப் பெரிய நாள் வந்தது. சென்னை அணி உப்பல் மைதானத்துக்கு ஆட வருகிறது, எங்கள் ஹைதராபாத் அணியோடு. பஸ்ஸில் பாதிப் பேர் ஒரு வாரமாக அப்பாவைச் சீண்டிக்கொண்டிருந்தார்கள். மதராஸ்காரர் நீங்கள், சம்பளம் எங்கள் ஊரில், யார் பக்கம் பேசப் போகிறீர்கள் என்று. மேட்ச் அன்று காலை அப்பா என்ன சொல்வார் என்று பஸ்ஸே காத்திருந்தது. அதற்கு முந்தின சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிட்டேன், அம்மா எடுக்கவில்லை. ஆறரைக்கும் எடுக்கவில்லை. ஏழு மணிக்குத் தாத்தா எடுத்து, சித்திக்கு வலி கண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள், அம்மா போனை வீட்டிலேயே விட்டுவிட்டாள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

அப்பா வெறுங்கையோடு பஸ் ஏறப் போகிறாரே என்று நிஜமாகவே எனக்குக் கவலையாக இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக இன்னொன்று தோன்றியது. உட்கார்ந்து எழுதினேன். நாளைக்கு ஹைதராபாத்தான் ஜெயிக்கும். சென்னைக்காரர்கள் எல்லாருக்கும் வயசாகிவிட்டது. நம்ம ஊர் ஸ்பின்னரை முதல் ஓவரே போடச் சொல்ல வேண்டும், அவர் அஞ்சு விக்கெட் எடுப்பார். அந்த ஸ்பின்னர் எங்கள் பள்ளி விளையாட்டு விழாவுக்கு வந்து, சாக்கு ஓட்டத்தில் இரண்டாவதாக வந்த எனக்குக் கை கொடுத்திருந்தார். வேறு என்ன தகுதி வேண்டும்? அம்மா சொன்ன மாதிரியே இருக்கட்டும் என்று அடியில் "அஞ்சாவது பவுலர் யாரு?" என்றும் சேர்த்துவிட்டேன்.

மறுநாள் காலையில் அப்பா என்னை எழுப்பும்போதே முகமெல்லாம் பல். சித்திக்குப் பெண், உனக்குத் தங்கச்சி பிறந்திருக்கிறாள், அம்மா விடியக்காலையில் போன் பண்ணினாள் என்றார். அம்மா பேசினாளா? குழந்தை பிறந்த சேதி சொல்லும்போது யாராவது கிரிக்கெட் பேசுவார்களா என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அப்பா நின்றபடியே தாளைப் படித்தார். இரண்டு தடவை படித்தார். "அம்மா சொன்னதா?" என்றார். ஆமாம்ப்பா என்றேன். சரி என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பஸ்ஸில் அப்பா தொண்டையைச் செருமியபோது எனக்கு உட்காரவே முடியவில்லை. முதலில் மச்சினிக்குப் பெண் குழந்தை பிறந்ததைச் சொன்னார், எல்லாரும் கை தட்டினார்கள். பிறகு "நன்னு அடிகிதே" என்று ஆரம்பித்து, ஒரு வரி விடாமல் சொன்னார். ஹைதராபாத்தான் ஜெயிக்கும் என்றார். சென்னைக்காரர்களுக்கு வயசாகிவிட்டது என்றார். ஸ்பின்னருக்கு முதல் ஓவர், அஞ்சு விக்கெட் என்றார். அஞ்சாவது பவுலரைக்கூட விடவில்லை. இதுவரை யார் ஜெயிப்பார்கள் என்று ஒரு நாளும் சொல்லாத மனிதர் அல்லவா! போர்மேன் "பக்காவா சார்?" என்று கேட்டார். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து "ஹவ், பக்கா" என்றார். அவ்வளவுதான், விசிலும் கைத்தட்டலும் கூரையைப் பிளந்தன. எனக்கு எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. என் கருத்து! நான் சொன்னதற்கு முப்பது பெரியவர்கள் விசிலடிக்கிறார்கள்!

சாயங்காலம் அந்த விசில் எல்லாம் காற்றில் போனது. எங்கள் ஸ்பின்னருக்குக் கேப்டன் நிஜமாகவே முதல் ஓவரைக் கொடுத்துத் தொலைத்தார். சென்னை அணியிலேயே அதிக வயசான ஆள் அந்த ஓவரில் மூன்று சிக்ஸர் அடித்தார், ஒன்று கூரை மேல் போனது. அப்பா நேந்திரங்காய் சிப்ஸைக் கொறித்துக்கொண்டு "இது நமக்கு நல்லதாம்மா, கெட்டதா?" என்று என்னைக் கேட்டார். கெட்டதுப்பா என்றேன். கடைசியில் சென்னைதான் ஜெயித்தது, எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மறுநாள் பஸ்ஸில் போர்மேன் எழுந்து நின்று சலாம் போட்டு, வாருங்கள் ஜோசியரே என்று வரவேற்றார். அந்த ஒற்றை சீட்டில் கொள்முதல் பிரிவிலிருந்து ஓர் இளவட்டம் உட்கார்ந்திருந்தான், சீட்டின் பின்புறம் யாரோ ஒரு ஜோசியக் கிளியின் படத்தை ஒட்டியிருந்தார்கள். சென்னைக்கு வயசாகிவிட்டதாமே, உங்கள் கணக்கில் எங்களுக்கெல்லாம் எத்தனை வயசு சார் என்று ஆளாளுக்கு வாரினார்கள். அப்பா மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு குஷாய்குடா வரை நின்றுகொண்டே வந்தார். அந்த வாரம் முழுக்க அதே கதைதான். அதுவரை அப்பா பஸ்ஸில் நின்று நான் பார்த்ததே இல்லை. தினமும் ராத்திரி உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பேன், திட்டுவாரோ என்று விழுங்கிவிடுவேன்.

அம்மா திரும்பி வந்த மறுநாளே போர்மேன் வீட்டு அம்மாள் அத்தனையையும் ஒப்பித்துவிட்டாள். மாட்டிக்கொண்டோம் என்று நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அடுப்படியில் அம்மா, ஏங்க இப்படிப் பண்ணினீங்க என்று கேட்டாள். அப்பா, "ஒரு நாளாவது சொந்தமா ஒண்ணு சொல்லிப் பார்க்கலாமேன்னு தோணுச்சு, பல்பு வாங்கிட்டேன்" என்றார். அம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அம்மாவின் மனசு நோகக் கூடாது என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார், தாளை எழுதியது நான் என்று மனிதருக்கு இன்னும் உறைக்கவில்லை என்று நினைத்தேன். கொஞ்சம் பரிதாபமாகக்கூட இருந்தது, இவ்வளவு சுலபமாக ஏமாறுகிறாரே என்று. அடுத்த பெரிய போட்டி வருவதற்குள் அம்மாவின் தயவில் அவருக்கு சீட் திரும்பக் கிடைத்துவிட்டது. என் சாமர்த்தியத்தைப் பற்றி எனக்கிருந்த மதிப்பும் வருஷக்கணக்கில் குறையவில்லை.

அன்று பிறந்த தங்கச்சி போன மாதம் நுழைவுத் தேர்வு எழுத எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். டிவியில் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பிறந்த கதையை அம்மா ஆரம்பித்தாள். "மணி நாலே முக்கால்டி. பொண்ணுன்னு சொன்னேன். சந்தோஷம்னார். சொல்லிட்டு, இன்னைக்கு மேட்ச்சுன்னு இழுக்கறார்! நானும் அந்த நேரத்துல, ஆஸ்பத்திரி வராந்தாவுல இருந்த போன்ல நின்னுக்கிட்டு பத்து நிமிஷம் சொன்னேன். அந்த ஸ்பின்னர் பையனை மட்டும் முதல் ஓவர் போட விட்டாங்கன்னா கொளுத்திடுவாங்கன்னு அப்பவே படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அதை விட்டுட்டு பஸ்ஸில போய் சொந்தமா எதையோ உளறிட்டு வந்தார் மனுஷன்." பதினேழு வருஷமாகச் சொல்லிச் சிரிக்கிற கதை அது. ஆனால் போனில் மேட்ச் பேசிய பகுதியை நான் கேட்பது அன்றுதான் முதல் தடவை. அப்பாவும் வழக்கம்போல அசடு வழியச் சிரித்துக்கொண்டு அப்பளத்தை நொறுக்கினார்.

நான் சாதம் பிசைவதை நிறுத்தினேன். அது அப்பா உளறியது இல்லை, நான் எழுதிக்கொடுத்தது என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரிப்பதை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

"ஏங்க, நான் சொன்னதைக் கையில வெச்சுக்கிட்டேவா அதைச் சொன்னீங்க?"

"கடைசி சீட்டுல எழுந்து நின்னுக்கிட்டு என் வாயையே பார்த்துட்டிருந்தா. வேற என்ன சொல்லச் சொல்றே?" என்றார் அப்பா. மோர் இருக்கிறதா என்று கேட்டார்.

அம்மா சொன்ன சரியான பதில் மனசில் இருக்க, ஒன்பது வயசுப் பெண்ணின் அபத்தத்தைத் தன் கருத்தாக முப்பது பேருக்கு முன்னால் சொல்ல எவ்வளவு பிரியம் வேண்டும்! அன்றைக்கு எனக்கு அது தெரியவில்லை. அப்பாவை ஏமாற்றிவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.